ரெண்டு தலைக்கு ஒரு பொட்டு

வேளச்சேரியில ரயில் கிளம்பறப்ப மணி ஒன்பது நாப்பது. பதினொன்னுக்குள்ள சிந்தாதிரிப்பேட்டை ஆபீஸ்ல டப்பாவைக் குடுத்துடணும். ரயிலுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம், எறங்கி நடக்கப் பத்து நிமிஷம், எப்படிப் பாத்தாலும் நேரம் இருக்கு, ரொம்பவே இருக்கு, அதுதான் மிதுனாவுக்குப் பயமா இருந்துச்சு. நேரம் இல்லைன்னா ஓடிடலாம். நேரம் மிச்சம் இருந்தா அது மடியில வந்து உக்காந்துக்கும், இந்த டப்பா மாதிரி. முன்னாடி சீப்பும் ஊக்கும் போட்டு வெச்சிருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பா, மூடி மேல ரப்பர் பேண்டு நாலு சுத்து. ஒரு சுத்து போட்டா யோசிக்கிறதுக்குள்ள கை கழட்டிடும். நாலு சுத்துன்னா நடுவுல ஒரு தடவையாவது, ஏய் என்னடி பண்ணறன்னு தன்னையே கேட்டுக்கலாம். நேத்து சாயங்காலம் மூணு சுத்து கழட்டிட்டா. நாலாவதுல விரலை மாட்டிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாளோ, ஹாஸ்டல் வார்டன் வந்து, மாடியில காயற துணியை எடு, மழை வருதுன்னு கத்தினதாலதான் எழுந்தா. மழை வரலை. துணியும் காயலை. எழுபது மணி நேரம் முடிஞ்சு போச்சு, இப்ப எழுபத்தொண்ணாவது ஓடுது, பதினொன்னரைக்குத்தான் எழுபத்திரண்டு முடியும், ஆனா பதினொன்னுக்குக் குடுத்துட்டா மீதி அரை மணி நேரம் அவங்க கையில இருக்கும், அவங்க பாத்துப்பாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. சொன்ன பொம்பளைக்குக் குரல்ல ஒரு சலிப்பு. எல்லாரும் இதேதான் கேப்பாங்க போல.

காதுக்குப் பின்னாடி அந்த எடம் அரிக்குது. அரிப்புன்னும் சொல்ல முடியாது, பல்லு விழுந்த எடத்தை நாக்கு போய்ப் போய்த் தேடுமே, அந்த மாதிரி. விரல் அதுவாப் போகுது, தடவிப் பாக்குது, ஒண்ணும் இல்லைன்னு திரும்பி வருது, திரும்பவும் போகுது. இப்ப டப்பாக்குள்ள இருக்கிறது மிளகை விடக் கொஞ்சம் பெருசு, கறுப்பு, தட்டையா இருக்கும். கம்பெனிக்காரன் அதுக்கு என்னமோ நீளமாப் பேரு வெச்சான், அதை யாரும் சொல்றதில்லை, பொட்டுன்னுதான் ஊரே சொல்லுது. அதைக் காதுக்குப் பின்னாடி எலும்பு மேல வெச்சுக்கிட்டா அன்னைக்குப் பூரா கண்ணு பாத்தது, காது கேட்டது, தோல்ல பட்டது எல்லாம் உள்ள போய்ப் பதிஞ்சுடும். அப்புறம் எப்ப வேணா ரெண்டு தட்டு தட்டினா அந்த நாள் திரும்பி வரும். படம் பாக்குற மாதிரி இல்லை. உள்ள போய் நிக்கிற மாதிரி. அன்னைக்கு வெயில் அடிச்சிருந்தா இன்னைக்கும் முதுகு சுடும். மணம் மட்டும் வராது. மனசுல என்ன நினைச்சோம்னும் வராது, அதை எடுக்க இன்னும் யாருக்கும் வழி தெரியலை. இந்த ரெண்டும் இல்லாம மீதி எல்லாம் வரும், அந்த மீதியே போதும்னு ஜனங்க அதைப் போட்டுட்டு உக்காந்துக்கிட்டாங்க. இந்தப் பெட்டியிலயே பாருங்க, எதிர் வரிசையில ஒரு அம்மா கண்ணை மூடிட்டு, உதடு மட்டும் அசையுது, யாரையோ கொஞ்சுறாங்க. பெருங்குடியில எறங்க வேண்டியவங்களா இருக்கும். பெருங்குடி போயாச்சு. யாரும் தொட மாட்டாங்க, போட்டிருக்கிறவங்களைத் தொட்டா திடுக்குனு எழுந்து அடிச்சுடுவாங்க. மிதுனா அந்த அம்மாவோட காதையே பாத்துட்டு இருந்தா. பாக்கக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பினா. ஜன்னல் கண்ணாடியிலயும் அதே காது தெரிஞ்சுது.

பக்கத்து சீட்டுல ரெண்டு பேரு, ஒருத்தி கையில டிபன் பை, இன்னொருத்தி கையில கீரைக்கட்டு, தரமணி வந்தும் பேச்சு நிக்கலை. "எங்க வீட்டுக்காரரு காலையில பொட்டைப் போட்டுட்டு உக்காந்தார்னா பால் பொங்கி அடுப்பு அணைஞ்சாலும் தெரியாதுக்கா. என்னய்யா பாக்குறன்னா, நம்ம கல்யாணத்தைத்தான்டி பாக்குறேங்கிறாரு." "பரவாயில்லையே, ஆசையா இருக்காரே." "கிழிச்சாரு. ஒரு நாள் பிடுங்கிப் போட்டுப் பாத்தேன். தாலி கட்டுறதெல்லாம் தாண்டி வந்து பந்தியில நிக்குது. அந்த ஜாங்கிரியை மட்டும் எழுநூறு தடவை தின்னிருக்காரு." "சக்கரை இருக்கே அவருக்கு." "அதனாலதான் அதுல தின்னறாராம்." கீரைக்கட்டுக்காரி சிரிச்ச சிரிப்புல மிதுனாவுக்கும் உதடு லேசா இழுத்துச்சு, மூணு நாள்ல முதல் தடவை. ஒடனே நின்னும் போச்சு. எழுநூறுன்னு அவங்க சிரிக்கிறாங்க. மிதுனாவோட கணக்கு நானூத்துப் பன்னெண்டு. ஜாங்கிரி இல்லை. ஒரு ரோடு, ரெண்டு கை, ஒரு சைக்கிள்.

அந்தக் கையை நினைக்கக் கூடாதுன்னு அவ அம்மாவை நினைச்சா. அதுவும் தப்பான எடம்தான், ஆனா அங்க வலி கொஞ்சம் கம்மி. அம்மா தவறிப் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அரக்கோணத்துல இருந்து ஹாஸ்டலுக்கு வந்திருந்தாங்க, ஒரே ஒரு நாள், நல்லெண்ணெய் பாட்டிலோட. அன்னைக்கு மிதுனாவுக்கு லேப்ல காலை டூட்டி, வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்குற வேலை. திரும்பி வர்றதுக்குள்ள அம்மா பஸ் ஏறிட்டாங்க. அக்கா லோகிதாவுக்கு லீவு. ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டு, அது ரெட்டைத் தேதி, அக்கா முறை, பொட்டு அக்கா காதுல இருந்துச்சு. அதனால அம்மா அக்கா தலையில எண்ணெய் வெச்சது, சிக்கெடுத்தது, நடு உச்சியில ரெண்டு விரலால தட்டினது எல்லாம் பொட்டுக்குள்ள இருக்கு. அம்மா போனதுக்கப்புறம் மிதுனா அதைப் போட ஆரம்பிச்சா. மொதல்ல வாரம் ஒண்ணு. அப்புறம் காலையில ஒண்ணு. அப்புறம் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரத்தம் எடுக்கப் போற வீட்டு மாடிப்படியில ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பதிலா. அம்மா விரல் தலையில எறங்கறப்ப உடம்பு அப்படியே இளகும். "லோகி, முடி கொட்டுதுடி உனக்கு, கீரை சாப்பிடு"ன்னு அம்மா சொல்லுவாங்க. லோகின்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா தலை மிதுனாவோடது. தோலுக்குப் பேரு தெரியுமா என்ன. ஒரு நாள் அக்காகிட்ட சாதாரணமாச் சொன்னா, அன்னைக்கு அம்மா எனக்கு எண்ணெய் வெச்சப்ப எவ்வளவு அழுத்தித் தேச்சாங்க தெரியுமான்னு. அக்கா சாப்பிட்டுட்டு இருந்தவ, கையை அப்படியே தட்டுல வெச்சுட்டு, "உனக்கு எப்படி வெச்சாங்க, நீதான் இல்லையே"ன்னா. மிதுனா சிரிச்சு மழுப்பிட்டா. ஆனா உள்ளுக்குள்ள நிஜமாவே ஒரு கோவம். எனக்கு வெச்சாங்கன்னுதான் மனசு சொல்லுச்சு. இன்னைக்கும் சொல்லுது. மூணு நாளா அந்த விரலு தலையில எறங்கலை, உச்சி வறண்டு கெடக்கு.

கடைக்காரன் அப்பவே சொன்னான். ரெண்டு தலைக்கு ஒரு பொட்டு வெக்காதீங்க பாப்பா, பொட்டுக்கு ஒண்ணும் ஆகாது, தலைக்குத்தான் ஆகும்னு. யாரு கேட்டா. அக்காவும் தங்கச்சியும் ஒரே ரூம்ல, ஒரே பக்கெட், ஒரே சார்ஜர், தீபாவளிக்கு எடுத்த ஒரே பட்டுப்புடவையை மாத்தி மாத்திக் கட்டின பொண்ணுங்க, பொட்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணு எதுக்குன்னு தோணுச்சு. இவங்க மட்டுமா, ஹாஸ்டல்ல பாதிப் பேரு அப்படித்தான். ஒத்தைத் தேதி மிதுனாவுக்கு, ரெட்டைத் தேதி அக்காவுக்கு. எழுதி அலமாரிக் கதவுல ஒட்டினாங்க. மொத மாசமே சண்டை. ஏன்னா முப்பத்தொண்ணும் ஒத்தை, அடுத்த நாள் ஒண்ணாம் தேதியும் ஒத்தை. தொடர்ந்து ரெண்டு நாளு உனக்கா, அதெப்படின்னு அக்கா கேக்க, காலண்டர் போட்டவனைப் போய்க் கேளுன்னு மிதுனா சொல்ல, கடைசியில முப்பத்தொண்ணாம் தேதியை ரெண்டாப் பிரிச்சாங்க. பகல் பன்னெண்டு வரைக்கும் மிதுனா. பன்னெண்டுக்கு மேல அக்கா. அலமாரிக் கதவுல அக்கா அதையும் எழுதி, கீழ கோடு போட்டா. ஆனா எந்த முப்பத்தொண்ணாம் தேதியும் சரியாப் பன்னெண்டுக்கு மிதுனா குடுத்ததில்லை. இன்னும் அஞ்சு நிமிஷம்க்கான்னுவா. அந்த அஞ்சு இருபது ஆகும்.

திருவான்மியூர். கூட்டம் ஏறிச்சு. யாரோட பையோ முகத்துல இடிச்சுது. பையில பூண்டு இருக்கு. அவளுக்கு ஒடனே தெரிஞ்சுடும். துப்பட்டாவை மூக்குல அழுத்திக்கிட்டா. ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. மேடவாக்கத்துல சித்தி பொண்ணு வீட்டு கிரகப்பிரவேசம், பந்தி முடியறதுக்குள்ள போகணும்னு ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல கிளம்பினாங்க. காலையிலேயே சண்டை, பொட்டைப் பத்தித்தான். அக்கா சொன்னா, இன்னையோட இதைத் திருப்பிக் குடுத்துடலாம்டி, நீ சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, என்னைக் கண்டா கூட யாரோ மாதிரி பாக்குறன்னு. மிதுனா செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கிட்டா. பள்ளிக்கரணை தாண்டி ஒரு வளைவு. சைக்கிள்ல பூண்டு மூட்டையோட ஒரு பெரியவரு. பேரு ராஜமாணிக்கம், வயசு அறுபத்திரண்டு, அதெல்லாம் அப்புறம் கேஸ் பேப்பர்ல பாத்ததுதான். ஒன்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்து செத்துப் போய்ட்டாரு. மிதுனாவுக்குத் தலையில அடி, அந்த மத்தியானமே அவ மண்டையில இருந்து சுத்தமாத் தொடச்சுப் போச்சு. சண்டை ஞாபகம் இருக்கு, செருப்பு மாட்டினது ஞாபகம் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி ஃபேன். நடுவுல பூண்டு வாசனை மட்டும். அவ கண்ணு முழிக்கிறப்பவே அக்கா போலீஸ்ல சொல்லி முடிச்சிருந்தா, வண்டியை ஓட்டினது நான்தான்னு. பாத்தவங்க நாலு பேருக்கும் ஓட்டினது யாருன்னு தெரியலை. ரெண்டும் பொண்ணுங்க, ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், துப்பட்டாவால முகத்தைச் சுத்தி, வெயிலுக்கு முழங்கை வரைக்கும் அந்தத் துணிக் கையுறை, சிக்னல்ல ஒரே ஆள்கிட்ட வாங்கினது, ஒரே சாம்பல் கலரு.

பொட்டுல அது இருக்கு. ஓட்டினவ காதுலதான் பொட்டு இருந்திருக்கு. ஹேண்டில்பாரு, சாம்பல் கையுறை போட்ட ரெண்டு கை, பின்னாடி இருந்து தோள்ல ஒரு தட்டு, வளைவு, சைக்கிள். சைக்கிள் கண்ணுல பட்டதுக்கப்புறமும் கை ரெண்டு செகண்டு பிரேக்கைத் தொடலை. அந்த ரெண்டு செகண்டு. அப்புறம் தொட்டுச்சு, அப்புறம் ஆகாசம், ஒரு கம்பி, ஒரு சத்தம், பொட்டு காதுல இருந்து தெறிச்சு விழுந்துடுச்சு, அதோட முடிஞ்சுது. விழுந்த அடியில அன்னைக்கு மீதிப் பதிவெல்லாம் அழிஞ்சு, அந்தக் கடைசி நிமிஷம் மட்டும்தான் மிச்சம். மணி பன்னெண்டு நாலு. மொதல் தடவை போட்டுப் பாத்தப்ப மிதுனா, பாவம் அக்கா, என்னெல்லாம் பாத்திருக்கான்னு அழுதா. அது அக்கா கைதான், அதுல சந்தேகமே இல்லை. இருபதாவது தடவையில மணிக்கட்டுல ஒரு குத்தல். நூறாவது தடவையில அந்தக் கை அவ சொன்னதுக்கு அசையற மாதிரி தோணுச்சு, இப்ப பிரேக் பிடி, இப்ப பிடின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா, ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் பிடிக்கும். அதுக்காகவே திரும்பப் போடுவா. ஒரு தடவையாவது சீக்கிரம் பிடிச்சுடாதான்னு. பைத்தியக்காரத்தனம்னு தெரியும். தெரிஞ்சு என்ன, ஜாங்கிரி தின்னா சக்கரை ஏறும்னு கூடத்தான் தெரியும். முந்நூறாவது தடவைக்கப்புறம் அது யாரோட கைன்னு அவளுக்குத் தெரியலை. அம்மா விரலு யார் தலையில எறங்கினதுன்னு தெரியாத மாதிரியே தெரியலை. எனக்கு நடக்காத நல்லது எனக்கு நடந்ததா ஆகிடுச்சுன்னா, நான் பண்ணாத கொலையும் நான் பண்ணதா ஆகியிருக்கலாம். இல்லைன்னா பண்ணதே நான்தானோ. ரெண்டுல எதுன்னு தெரியாம ஒரு மனுஷி எத்தனை நாளைக்குத் தலை வாரிட்டு வேலைக்குப் போறது.

அதனாலதான் அக்காகிட்ட சொல்லாம, பொட்டைப் பரிசோதிச்சுக் கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்குற அந்தச் சிந்தாதிரிப்பேட்டை ஆபீஸுக்கு எழுதிப் போட்டா. பதிவு ஒண்ணொண்ணுக்கும் அடியில, அதை வெச்சிருந்தவங்களோட நாடித் துடிப்பு இருக்குமாம். அதை வெச்சு யாருன்னு சொல்லிடலாமாம். ஆனா போட்டுப் பாக்கப் பாக்க, பாக்குறவங்க நாடி மேல படிஞ்சுடும். அது காய்ஞ்சு உதிர மூணு நாளு வேணும். எழுபத்திரண்டு மணி நேரம் தொடாதீங்கம்மா, எந்த நாளை ஒரு தடவை போட்டாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, இன்னைக்கு விட்டா திங்கக்கிழமை தீர்ப்பு, உங்க அக்கா குடுத்த வாக்குமூலமே நிக்கும், ரெண்டு வருஷமாவது ஜெயில் ஆகும்னு அந்தச் சலிப்புக் குரல் சொல்லுச்சு. இதுல இருக்கிற கொடுமையைப் பாருங்க. அவ உடம்பு எதுக்காகத் துடிக்குதோ, அதையே பண்ணினா போதும், அவ தப்பிச்சுடலாம். ஒரு பொய் சொல்ல வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம். ரப்பர் பேண்டு நாலு சுத்து, ரெண்டு தட்டு, அம்மா விரலு. அவ்வளவுதான். மிதுனாவுக்கு எது ஆசை எது பயம்னே பிரிச்சுப் பாக்க முடியலை. ரெண்டும் ஒரே எடத்துல அரிக்குது.

கோட்டூர்புரம் ஆத்துப்பாலம். தண்ணி கறுப்பா நிக்குது. விரலு ஒரு சுத்தைக் கழட்டியிருந்துச்சு, எப்பன்னு தெரியலை. மாட்டினா. மந்தைவெளி வர்றதுக்குள்ள திரும்பவும் கழண்டுச்சு. எதிர்ல இருந்த அம்மா திடீர்னு கண்ணு முழிச்சு, "இது எந்த ஸ்டேஷன்"னாங்க. மந்தைவெளின்னு யாரோ சொன்னாங்க. அந்த அம்மா ஒரு நிமிஷம் பெட்டி பூரா பாத்தாங்க, எல்லா முகத்தையும், தேடுற மாதிரி. தேடினவங்க அங்க இல்லை போல. பொட்டைத் திரும்பத் தட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. மிதுனா ரெண்டாவது சுத்தைக் கழட்டிட்டு இருக்கிறப்ப போன் அடிச்சுது. அக்கா. கேஸ் ஆனதுல இருந்து அக்கா ஆவடியில மாமா வீட்டுலதான் இருக்கா, வக்கீலு அங்க இருக்கச் சொன்னாரு.

"எங்கடி இருக்க."

"ரயில்ல. வேலைக்கு."

"வேலைக்கா. லேப்புக்குப் போற ரயிலு எப்ப இருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போகுது."

ஆபீஸுக்கு எழுதினதோட நகல் அக்காவுக்கும் போகும்னு யாரும் சொல்லலை மிதுனாகிட்ட.

"காலையில தபால் வந்துச்சு, மாமா வாங்கி என் கையில குடுத்தாரு. அறிவாளின்னு நினைப்பா உனக்கு. நீயே எழுதிப் போட்டிருக்க. எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது, கோழி கிளறின மாதிரி."

"அக்கா, எனக்குத் தெரியணும்க்கா."

"மூணு நாளா போடலையா."

"இல்லை."

அந்தப் பக்கம் குக்கர் விசில், மாமா ஏதோ கேக்குறாரு, அக்கா, ஒண்ணும் இல்லை மாமா நீங்க சாப்பிடுங்கன்னா. அப்புறம் குரலைத் தணிச்சுட்டுப் பேசினா. ரொம்ப இதமா, சின்னக் குழந்தைக்கு மருந்து குடுக்குறப்ப பேசுவாங்களே, அப்படி. "மிது. கை நடுங்குதா."

"நடுங்குது."

"தலை வலிக்குதா."

"ம்."

"எதுக்குடி இப்படி உடம்பைப் போட்டு வதைக்கிற. டப்பா கையில தானே இருக்கு. எடுத்து வெச்சுக்கோ. அம்மா வந்த நாளைப் போடு. ஒரே ஒரு தடவை, ஒண்ணும் ஆகாது. எறங்க வேண்டாம், அப்படியே கடைசி ஸ்டேஷன் பீச் வரைக்கும் போய்ட்டு அதே வண்டியில திரும்பி வா."

மிதுனா போனைக் காதுல இருந்து எடுத்து, பேசறது அக்காதானான்னு பேரைப் பாத்தா. லோகி அக்கான்னுதான் இருந்துச்சு. ரெண்டு வருஷமா, அதைத் தூக்கிப் போடு, அதைச் சாக்கடையில வீசு, இன்னொரு தடவை அதைக் காதுல பாத்தேன்னா காதையே அறுப்பேன்னு சொன்ன அக்கா. தலையணைக்குள்ள ஒளிச்சு வெச்சதைத் தேடி எடுத்து அரிசி டப்பாவுல போட்டவ. ரூம் கதவைப் பூட்டிட்டு, கத்தினாலும் பரவாயில்லைன்னு ராத்திரி பூரா மடியில பிடிச்சு வெச்சிருந்தவ. அந்த வாய், போட்டுக்கோங்குது. எதுக்குச் சொல்லுதுன்னு யோசிக்க ஒண்ணும் இல்லை. ரயிலு ஒரு வளைவுல திரும்புச்சு, நின்னவங்க எல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சாங்க, பூண்டுப் பை திரும்பவும் முகத்துகிட்ட வந்துச்சு, இந்தத் தடவை அவ மூக்கை மூடலை.

"நான்தானே." அவ கேட்டது அவளுக்கே சரியாக் கேக்கலை. "அக்கா. நான்தானே ஓட்டினேன்."

"லூசு மாதிரி பேசாத."

"பன்னெண்டு மணிக்கு நான் குடுக்கலை. பின்னாடி இருந்து தோளைத் தட்டினது நீதான். நேரம் ஆச்சுன்னு தட்டியிருப்ப. நான் அந்தக் கோவத்துல..."

"உனக்குத் தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே. எதுக்குக் கதை கட்டற."

"கட்டறேனா."

அந்தப் பக்கம் குக்கர் அடங்கிப் போச்சு. "பன்னெண்டு நாலுடி அது," அக்கா சொன்னா. "அலமாரிக் கதவுல எழுதி ஒட்டியிருக்கோம்ல. முப்பத்தொண்ணாம் தேதி பன்னெண்டுக்கு மேல பொட்டு என்னுது. அது என் நேரம். என் நேரத்துல என்ன நடந்தாலும் அது என்னுது. நீ குடுத்தியா, நான் வாங்கினேனா, அதெல்லாம் நமக்குள்ள. தட்டினது நான்தானே. நான் தட்டாம இருந்திருந்தா நீ ரோட்டுல கவனமா இருந்திருப்ப."

அழுகை வரும்னு மிதுனா நினைச்சா. வரலை. ரொம்ப நாளாத் தூக்கிட்டு நடந்த எதையோ எறக்கி வெச்சா தோளு ஒரு மாதிரி மேல மிதக்குமே, அப்படி ஒரு அலுப்பு. அந்த ரெண்டு செகண்டு. நானூத்துப் பன்னெண்டு தடவை பிரேக் பிடி பிடின்னு கத்தின ரெண்டு செகண்டுல கண்ணு ரோட்டுல இருந்துச்சு, மனசு அங்க இல்லை. இன்னும் அஞ்சு நிமிஷம் குடுக்க மாட்டியான்னு பின்னாடி இருக்கிறவளை மனசுக்குள்ள திட்டிட்டு இருந்திருக்கும். அது எதுலயும் பதியலை. எந்த ஆபீஸ்காரனும் அதை எடுக்க முடியாது. அது அவளோடதுதான், கடைக்காரன் விக்காதது, அக்காவுக்குப் பாதி குடுக்க முடியாதது. ஒரு பெரியவரு செத்துப் போய்ட்டாரு. அவருக்கும் வீட்டுல யாராவது, பூண்டு வித்துட்டு எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டிருப்பாங்க.

"மிது, கேளு. ஜெயிலுக்குள்ள பொட்டு கெடையாது. மூணு நாளைக்கே உனக்கு இப்படி. ரெண்டு வருஷம் நீ இருக்க மாட்டடி. செத்துடுவ. நான் இருந்துடுவேன். எனக்குச் சோறு போட்டா போதும், எங்க வேணா இருப்பேன், உனக்குத் தெரியாதா. அதை எடுத்து வெச்சுக்கோ. சொல்றதைக் கேளு."

திருவல்லிக்கேணி தாண்டியாச்சு. டப்பா திறந்திருக்கு. நாலு சுத்தும் எப்பவோ கழண்டு மணிக்கட்டுல கெடக்கு. பொட்டு ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவுல, இருக்கிறதே தெரியாத கனம், உள்ள அம்மா. காதுகிட்ட கொண்டு போகவே வேண்டாம், கை அதுவாப் போகுது. எதிர்ல அந்த அம்மா உதடு அசையுது. வெச்சுட்டா அக்கா சந்தோஷப்படுவா. ஊர்ல எல்லாத்துக்கும் யாராவது தடுப்பாங்க, இதுக்கு யாருமே தடுக்கலை, தடுக்க வேண்டியவளே கையைப் பிடிச்சுக் காதுக்குக் கொண்டு போறா. சேப்பாக்கம். அடுத்தது. கதவுகிட்ட நகரணும். கால் எழுந்திரிக்கலை.

"அக்கா."

"வெச்சுட்டியா."

"இல்லை. போனை வெக்காத."

"என்னடி."

"பேசிட்டே இரு. எதாவது பேசு. நான் குடுத்து முடிக்கிற வரைக்கும். நீ பேசினா கை சும்மா இருக்கும்."

அக்காவுக்குப் புரிய ஒரு நொடி ஆச்சு. "நான் பேசினா நீ உள்ள போய்டுவடி."

"ஆமா."

"என் வாயாலயே உன்னை அங்க கொண்டு போய் விடச் சொல்றியா."

"நீ வெச்சுட்டா நான் போட்டுடுவேன்க்கா. நிஜமா. அவ்வளவுதான் என் தெம்பு."

வண்டி மெதுவாச்சு. மிதுனா எழுந்து, கம்பியைப் பிடிச்சு, கீரைக்கட்டுக்காரியைத் தாண்டிக் கதவுகிட்ட வந்தா. பொட்டு உள்ளங்கைக்குள்ள, போனு காதுல. சிந்தாதிரிப்பேட்டைன்னு எழுதின பலகை வந்து நின்னுச்சு. அவ எறங்கினா. பின்னாடி ரயிலு கிளம்பிப் போச்சு. போனு கட் ஆகலை, ஆகலைன்னு திரையில நொடி ஓடறது மட்டும்தான் சாட்சி. படியில எறங்க ஆரம்பிச்சா. இந்த ஸ்டேஷன்ல படி ஜாஸ்தி, பாதி படியில மூத்திர வாடை, ஒரு படியில யாரோ காலி இளநி வெச்சுட்டுப் போயிருக்காங்க. கை மூடியிருக்கு. கை மூடியே இருக்கு. பாதி படியில நின்னுட்டா, இனி முடியாதுன்னு தோணுச்சு, விரலு ஒண்ணொண்ணாப் பிரியுது, அவ பாத்துட்டே இருக்கா, அவளோட விரலுதான்.

"காலையில என்ன சாப்பிட்ட," அக்கா கேட்டா. குரலு உடைஞ்சு, மூக்கு அடைச்சுக்கிட்டு.

மிதுனா யோசிச்சா. மூணு நாளா காதுல எதுவும் இல்லை, அதனால இன்னைக்குக் காலை எதுலயும் இல்லை. தேடிப் பாத்துத்தான் சொல்லணும். மங்கலா வந்துச்சு. ஹாஸ்டல் மெஸ், ஈரமான பெஞ்சு, தட்டுல ஒரு கீறல்.

"சேமியா உப்புமா," அவ சொன்னா. "உப்பு கம்மி."

"தொட்டுக்க."

"சக்கரை போட்டுக்கிட்டேன்."

"சேமியாவுக்கு யாருடி சக்கரை போடுவா."

"நான் போடுவேன்," மிதுனா சொன்னா, அடுத்த படியில காலை வெச்சா.